ஜிஆர்இ-யில் தப்பான விடைக்கு மார்க் குறையாது

வெளிநாட்டில் மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வில் தப்பான விடைக்கு மார்க் பிடிப்பார்கள், தெரியாத கேள்வியைத் தொடாதீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாலக்காடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அதை அப்படியே பகிர்ந்தும் விட்டார்கள். அப்படி இல்லைங்க. ஜிஆர்இ பொதுத் தேர்வில் சரியான விடைகளை மட்டும்தான் எண்ணுகிறார்கள். தப்புக்கும் காலிக்கும் ஒரே பூஜ்யம்.

இங்கே எம்.டெக் போன்ற படிப்புகளுக்கு எழுதும் கேட் (GATE) தேர்வோடு குழம்பியிருக்கலாம். அங்கே ஒரே விடையுள்ள கொள்குறிக் கேள்விக்கு விடை தப்பானால் 1 மார்க் கேள்விக்கு 1/3, 2 மார்க் கேள்விக்கு 2/3 மார்க் போகும்.

ஜிஆர்இ-யில் காலியாக விடுவதுதான் நஷ்டம். கணிதத்தின் முதல் பிரிவில் 12 கேள்வி, 21 நிமிடம். அதில் எடுப்பதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவின் கடினம் அமையும். ஒரு கேள்வி இழுத்தால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிறகு பார்க்க அடையாளம் வைக்கும் 'மார்க்' (Mark) பொத்தானை அழுத்திவிட்டு நகருங்கள். அந்தப் பிரிவின் நேரம் முடியும்வரை திரும்பி வந்து மாற்றலாம்.

சந்தேகம் இருந்தால் ஜிஆர்இ-யை நடத்தும் இடிஎஸ் (ETS) நிறுவனத்தின் தளத்தில் ஜிஆர்இ தேர்வுக்கான ஆலோசனைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தப்பான விடைக்கு எதுவும் கழிக்கப்படாது என்று நேராகவே போட்டிருக்கிறார்கள். கேட் கணக்கு அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் இருக்கும்.