மானிட்டர் வாங்கப் போறீங்களா, ஹெர்ட்ஸ கடைசில கேளுங்க

ஏற்காட்டுல இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் போன வாரம் வாட்ஸாப்ல கேட்டான், "டேய் 32 இன்ச்சு கர்வ்டு மானிட்டர், 180 ஹெர்ட்ஸ், ஆஃபர்ல கெடக்குது, போட்டுரட்டுமா"ன்னு. பகல்ல பெங்களூரு கம்பெனி ஒண்ணுக்கு வீட்லருந்தே வேலை, ராத்திரி ஆனா கேம், ரெண்டுக்கும் ஒரே மானிட்டர். ஹெர்ட்ஸ்னா ஒரு செகண்டுக்கு ஸ்க்ரீன் எத்தன தடவ படம் மாத்தும்ங்கற கணக்கு. நான் அவனுக்கு பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், அது நீண்டுகிட்டே போச்சு, சரி இதே கேள்விய நெறைய பேர் கேக்கறாங்களேன்னு இங்கயே போட்டுடறேன்.

மொதல்ல நான் மாட்டிகிட்ட கதை. எனக்குத் தொழில் கணக்கு எழுதறது. சேலம் செவ்வாய்ப்பேட்டைல நாலஞ்சு கடை, ரெண்டு கொலுசுப் பட்டறை, ஒரு ஜவ்வரிசி மில்லு, இவங்களுக்கு டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல ஏத்தி ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஏத்திக் குடுப்பேன். அம்மாபேட்டைல வீட்டு மாடி ரூம்தான் ஆபீஸ். சனிக்கிழமை ஆச்சுன்னா அக்கா பையன் வந்துருவான், மாத்தி மாத்தி வேலரண்ட்ங்கற துப்பாக்கி கேம் ஆடுவோம். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பழைய 19 இன்ச்சு மானிட்டர் ஒரு நாள் கண்ண மூடிருச்சு, அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். "சார் 27 இன்ச்சு, கர்வ்டு, 165 ஹெர்ட்ஸ், ஒன் மில்லிசெகண்ட், 13,500 தான் சார், கேமுக்கு அடிச்சுக்க முடியாது"ன்னாரு. ஸ்க்ரீன்ல மீன் நீந்திகிட்டு இருந்துச்சு, கைய வெச்சா நனஞ்சிரும் போல. அவ்ளோதான், தூக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து டேலிய தொறந்தா எழுத்தெல்லாம் கரையான் அரிச்ச மாதிரி இருக்கு. பழகிரும்னு விட்டேன். பழகல. ஒரு 11ம் தேதி ராத்திரி, ரிட்டர்னுக்கு கடைசி நாள், ஒரு பார்ட்டியோட ஜிஎஸ்டி நம்பர போர்ட்டல் ஏத்துக்கவே மாட்டேங்குது. அந்த நம்பர் 15 எழுத்து, தமிழ்நாட்டுக்கு 33ல ஆரம்பிக்கும், நடுவுல பான் நம்பர், அதுல எங்க எழுத்து வரும் எங்க எண் வரும்னு எங்க ஆளுங்களுக்கு மனப்பாடம், அதனால அங்க தப்பு நடக்காது. ஆனா கடைசி ஒரு இடம் இருக்கு பாருங்க, அது எண்ணாவும் இருக்கலாம் எழுத்தாவும் இருக்கலாம். ஸ்கேன் பண்ணி அனுப்புன பில்லுல அந்த இடத்துல இருந்தது இங்கிலீஷ் B. நான் மூணு தடவ டைப் பண்ணதும் 8. கண்ணாடிய தொடச்சுப் பாத்தேன், ஸ்க்ரீன தொடச்சுப் பாத்தேன், கடைசில அந்த பில்ல ஃபோன்ல தொறந்து பாத்தா அவ்ளோ தெளிவா B. ஆறு இன்ச்சு ஃபோன்ல தெரியறது 27 இன்ச்சுல தெரியலன்னா அந்த 27 எதுக்குங்க?

அப்பறம்தான் உக்காந்து படிச்சேன். விசயம் ரொம்ப சின்னது. நான் வாங்குனது 1080பி. 1080பின்னா குறுக்க 1920 பிக்சல், நெடுக்க 1080 பிக்சல், மானிட்டர் எவ்ளோ பெருசானாலும் பிக்சல் அதே எண்ணிக்கைதான், மாவு அதேதான் தோசைய மட்டும் பெருசா இழுத்தா ஓட்டை விழும் இல்லயா, அதே கதை. 24 இன்ச்சுல ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல் வரும். 27 இன்ச்சுல அது 82 ஆயிரும். அதே 27ல 1440பி, அதாவது குறுக்க 2560 நெடுக்க 1440 பிக்சல், வாங்குனா 109. கடைல யாரும் இத சொல்ல மாட்டாங்க, பெட்டி மேலயும் பெருசா போட மாட்டாங்க, போடறது பூரா ஹெர்ட்ஸ்தான்.

இதுல தமிழ் எழுத்துக்கு இன்னொரு சிக்கல் இருக்கு, இங்கிலீஷ் ரிவ்யூ பண்றவன் இத சொல்ல மாட்டான், அவனுக்குத் தேவையும் இல்ல. நம்ம எழுத்து பூரா சுழி, மேல புள்ளி. எக்செல்ல சின்ன சைஸ்ல தமிழ் பேர் அடிச்சா அந்தப் புள்ளிக்குக் கெடைக்கறது ஒரு பிக்சலோ ரெண்டு பிக்சலோதான். 82ல அது பாதி சாம்பலா கரைஞ்சு போயிரும், க எது க் எதுன்னு வார்த்தைய வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். ண, ன ரெண்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி தெரியும். விண்டோஸ்ல எழுத்த தெளிவாக்கறதுக்கு கிளியர்டைப்னு ஒண்ணு இருக்கு, அத சரி பண்ணிப் பாத்தேன், கொஞ்சம் தேவல, ஆனா இல்லாத பிக்சல அது எங்கருந்து கொண்டு வரும். சைஸ பெருசாக்கி வெச்சுக்கலாமேன்னு சொல்வீங்க, வெச்சா டேலில அடியில நாலு வரி காணாமப் போயிரும், அப்பறம் பெரிய மானிட்டர் வாங்குனதே தண்டம்.

சரி கேமாவது நல்லா இருந்துச்சான்னு கேக்கறீங்களா. இங்கதான் இன்னும் அசிங்கம். ஆறு மாசம் கழிச்சு அக்கா பையன் செட்டிங்ஸ்ல எதையோ நோண்டிகிட்டு இருந்தவன் திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சுட்டான். "மாமா, நீ இவ்ளோ நாளும் 60லயே ஆடிட்டு இருந்திருக்க"ன்னான். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேன்னு உள்ள போய்ப் பாத்தா சத்தியமா 60ன்னு இருக்கு. விண்டோஸ் அது பாட்டுக்கு 60ல வெச்சுருக்கு, நானும் மாத்தல. தோக்கறப்பெல்லாம் வயசாயிருச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். 165 வெச்சதும் மவுஸ் அம்புக்குறி நகர்றதுலயே வித்தியாசம் தெரிஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். அப்பறமும் தோத்தேன், அது வேற விசயம்.

ஆனா கணக்குக்காரன் இல்லயா, போட்டுப் பாத்தேன். 60 ஹெர்ட்ஸ்ல ஒரு படம் மாற 16.7 மில்லிசெகண்ட். 144ல 6.9. அங்க ஏறக்குறைய 10 மிச்சம், அது கண்ணுக்குத் தெரியும். 165ல 6.1, 240ல 4.2, இங்க மிச்சம் 2 கூட இல்ல. இந்த ரெண்டு மில்லிசெகண்டுக்கு கூடுதலா காசு குடுக்கறதுக்கு நம்ம என்ன போட்டிக்கா போறோம்? 144 தாண்டுனதும் நம்ம மாதிரி ஆளுங்க நிறுத்திக்கலாம், அந்தக் காச பிக்சல்ல போடுங்க.

கடைக்காரர் சொன்ன அந்த ஒன் மில்லிசெகண்ட் கதையும் இப்படித்தான், பிக்சல் கலர் மாற அவ்ளோ நேரம்தான் ஆகும்னு நம்ம நெனப்போம். அந்த மானிட்டர் விஏ பேனல், விஏ, ஐபிஎஸ்னு ஸ்க்ரீன் பேனல்ல வகை இருக்கு. கறுப்பு நல்லா கறுப்பா இருக்கும், ஐபிஎஸ்ல கான்ட்ராஸ்ட் 1000க்கு ஒண்ணுன்னா இதுல 3000க்கு ஒண்ணு போடுவான், ராத்திரி லைட்ட அணைச்சுட்டு படம் பாக்க இதுதான் பெஸ்ட், ஒத்துக்கறேன். ஆனா இருட்டான எடத்துல வேகமா திரும்புனா கறுப்பெல்லாம் சாயம் விட்ட சேலைய அலசுன மாதிரி பின்னாடியே இழுத்துகிட்டு வரும். அப்ப ஒன் மில்லிசெகண்ட்? அது எம்பிஆர்டின்னு ஒரு கணக்கு, பின்னாடி லைட்ட விட்டு விட்டு எரிய வெச்சு வாங்கற மார்க்கு. அந்த மோட ஆன் பண்ணா வெளிச்சம் கொறஞ்சிரும், எனக்குத் தலைவலி வேற. எல்லா விஏவும் இவ்ளோ மோசம்னு சொல்ல வரல, வெல கூடுனதுல கொறைவாத்தான் இருக்குங்கறாங்க. நான் சொல்றது நான் வாங்குன வெலைல.

வெளிச்சம்னதும் ஞாபகம் வருது, என் ரூம்ல ஜன்னல் மேற்கு பாத்தது. சேலம் வெயில் தெரியும்ல, சித்திரைல நாலு மணிக்கு நேரா உள்ள வந்து உக்காந்துக்கும். 250 நிட்ஸ் (வெளிச்சத்த அளக்கற கணக்கு) மானிட்டர் அதுக்கு முன்னாடி மங்கிப் போயிருது. 350க்குப் போனா தேவலாம். ஜன்னலுக்கு முதுக காட்டி உக்காராம பக்கவாட்டுல போட்டாலே பாதிப் பிரச்சன தீரும், அதுக்குக் காசும் வேணாம்.

இப்ப வெச்சிருக்கறது 27 இன்ச்சு, 1440பி, ஐபிஎஸ், 165 ஹெர்ட்ஸ், 19,800 ஆச்சு. இந்தத் தடவ கடைக்குப் போறப்ப பென்டிரைவ்ல என்னோட எக்செல் ஃபைல் ஒண்ணு, அந்த பில்லோட ஸ்கேன் ஒண்ணு போட்டு எடுத்துட்டுப் போனேன். "மீன நிறுத்துங்க, இத தொறங்க"ன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு. B, B-யாவே தெரிஞ்சுது. புள்ளியும் புள்ளியாவே இருந்துச்சு. எடுத்துட்டேன். பெட்டிக்குள்ள டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருந்தா அதையே போடுங்க, பழைய எச்டிஎம்ஐ 1.4ல சொருகுனா 1440பில 165 வராது, மறுபடியும் என் கதைதான் உங்களுக்கு.

கம்ப்யூட்டர்ல இருக்கற கிராஃபிக்ஸ் கார்டு தாங்குமான்னும் பாத்துக்கோங்க. 1080பிய விட 1440பில பிக்சல் 1.8 மடங்குக்குக் கிட்ட, 4கேன்னா சரியா நாலு மடங்கு. பழைய கார்ட வெச்சுகிட்டு 4கே கேமுக்கு ஆசப்படறது வீணு. காசு கம்மியா, 24 இன்ச்சு 1080பி ஐபிஎஸ் வாங்குங்க, அதுல ஒரு கொறையும் இல்ல. நான் வேண்டவே வேண்டாம்னு சொல்றது 27லயும் அதுக்கு மேலயும் 1080பி மட்டும்தான். ஓஎல்இடி, அதாவது ஒவ்வொரு பிக்சலும் தானே எரியற பேனல், அது பத்திக் கேப்பீங்க. கேமுக்கு அத அடிக்க ஆளில்ல, ஆனா டேலியோட அதே மெனு, அடியில அதே டாஸ்க்பார், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஒரே எடத்துல நின்னா அந்த தடம் ஸ்க்ரீன்லயே தங்கிரும்ங்கற பயம் இருக்கு, எழுத்தோட ஓரத்துல கலர் பிசிறும் சிலதுல தெரியும். என் பொழப்புக்கு அது ஆகாது. வெளிச்சமும் இருட்டும் அருமையா காட்டும்னு சொல்லி எச்டிஆர் 400ன்னு ஒட்டியிருக்கற ஸ்டிக்கருக்கு அஞ்சு பைசா கூட சேத்துக் குடுக்காதீங்க.

ஸ்டாண்டு. அந்தப் பழைய 27 இன்ச்சு 1080பி மானிட்டர் ஸ்டாண்டு முன்னாடி பின்னாடி சாயும், ஏறி எறங்காது, ரெண்டு பழைய பேரேட்ட அடியில குடுத்து கண்ணு மட்டத்துக்குக் கொண்டு வந்தேன், அதுக்கே கழுத்து வலி பாதி போச்சு. ஏறி எறங்கற ஸ்டாண்டு இல்லன்னா முதுகுல 100க்கு 100 மில்லிமீட்டர் ஸ்க்ரூ ஓட்டை இருக்கான்னு பாருங்க, அப்பறமா மானிட்டர தூக்கிப் பிடிக்கற ஆர்ம் மாட்டிக்கலாம். அந்தப் பழைய மானிட்டர் இப்ப கீழ அம்மாகிட்ட இருக்கு, ஆறடி தள்ளி கட்டில்ல உக்காந்து சீரியல் பாக்கறாங்க. "நல்லாத்தானடா தெரியுது, இத எதுக்கு மாத்துன"ங்கறாங்க. அவங்க சொல்றதும் நெசம்தான், ஆறடிக்கு அது போதும்.

சரி ஏற்காட்டுக்காரனுக்கு வருவோம். 32 இன்ச்சு 1440பின்னா பிக்சல் கணக்கு 24 இன்ச்சு 1080பிக்கு சமம், 92, தப்பில்ல. அதுவே 1080பின்னா 69, தலையெழுத்து. எதுன்னு கேட்டா ஆஃபர்ல அது போடலயாம், கர்வ்டுன்னு மட்டும் பெருசா போட்டிருக்காம். டேபிள் அகலம் எவ்ளோடான்னு கேட்டேன், ஏன்னா 32 இன்ச்சு ஸ்க்ரீன் குறுக்க 71 சென்டிமீட்டர், ஒன்றரை அடி தள்ளி உக்காந்தா டென்னிஸ் பாக்கற மாதிரி தலைய திருப்பிகிட்டே இருக்கணும். ஃபோட்டோ அனுப்பியிருக்கான், அது டேபிளே இல்ல, ஜன்னலோரம் சொவத்துல அடிச்ச பலகை, அதுலயும் பாதி இடத்துல காப்பிக்கொட்டை காயுது. ஞாயித்துக்கெழமை மேல வரேன், டேப்பு எடுத்துட்டு வரேன், அது வரைக்கும் எதையும் அமுக்கித் தொலைக்காதடான்னு சொல்லியிருக்கேன். ப்ளூ டிக் வந்துருச்சு, பதில் வரல.