கங்காணி இன்னும் ஓய்வு பெறவில்லை

திருப்பூரிலோ அம்பத்தூரிலோ ஒரு டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "இவனுங்க எல்லாம் ஏன் கிளம்பி இங்க வர்றானுங்க?" என்று வடமாநிலத் தொழிலாளர்களைக் காட்டி யாராவது கேட்பார். கேட்டவரே பதிலும் சொல்லிவிடுவார்: அங்கே சோறில்லை, இங்கே வேலையிருக்கிறது. இதையே முகநூலில் தனிநபர் வருமானம், வேலையின்மை விகிதம் என்று அலங்காரம் செய்து எழுதுகிறார்கள். வடக்கு மேடு, தெற்கு பள்ளம், தண்ணீர் தானாக இறங்கி வருகிறது என்கிற மாதிரி. பரிவுள்ளவர்கள் "பாவம், பசிக்கு வந்தவர்கள்" என்கிறார்கள். கோபமுள்ளவர்கள் "அணையைக் கட்டு" என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். எனக்கு அந்தக் கணக்கின் மேலேயே சந்தேகம்.

கணக்கு பழையது. 1885-ல் ரேவன்ஸ்டைன் என்பவர் பிரிட்டனின் குடிமதிப்புக் கணக்கை வைத்துக்கொண்டு இடப்பெயர்வுக்கு 'விதிகள்' எழுதினார். அவரே ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க் குடியேறியவர். அவர் சொன்னதில் பல இன்றும் நிற்கின்றன: பெரும்பாலானவர்கள் பக்கத்தில்தான் நகர்கிறார்கள், ஒரு திசையில் ஆட்கள் போனால் எதிர்த்திசையிலும் சிலர் திரும்புகிறார்கள், குறைந்த தூரம் நகர்பவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். பிறகு 1966-ல் எவரெட் லீ என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு சட்டகம் போட்டார். சொந்த ஊரில் தள்ளுகிற காரணங்கள், போகிற ஊரில் இழுக்கிற காரணங்கள், நடுவில் தடைகள். பள்ளிப் பாடப் புத்தகம்வரை வந்துவிட்ட விளக்கம் இது.

தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மழை பொய்த்த இரண்டு பக்கத்து ஊர்களில் ஒன்று மட்டும் ஏன் காலியாகிறது என்று கேட்டால் இதனிடம் பதில் கிடையாது. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் போனால் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஒரு ஊர் முழுக்க சிங்கப்பூர், அடுத்த ஊர் முழுக்கத் துபாய், அதற்கடுத்த ஊரில் பாஸ்போர்ட் வைத்திருப்பவரே அபூர்வம். மண்ணும் மழையும் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், முதல் ஊரிலிருந்து எப்போதோ ஒருவர் சிங்கப்பூர் போனார், மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டார், மச்சான் தன் பங்காளியைக் கூப்பிட்டார், பங்காளி டிக்கெட்டுக்கு அக்காவின் நகையை அடகு வைத்தார். சம்பள வித்தியாசம் எல்லா ஊருக்கும் பொது. அக்காவின் நகையும் மச்சானின் அறையும் எல்லாருக்கும் பொது இல்லை.

மானிடவியலாளர்கள் தொடங்குவது இங்கேதான். கூட்டத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஒரு ஊரில் போய்த் தங்கி, யாரோடு போனாய், யார் பணத்தில் போனாய், முதல் ராத்திரி எங்கே படுத்தாய், சம்பாதித்ததில் முதலில் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்பார்கள். கேட்கக் கேட்க, தானாக முடிவெடுத்துக் கிளம்பிய தனிமனிதர் என்பவர் மெல்லக் காணாமல் போவார். குடும்பம் தெரியும், சாதி தெரியும், கடன் தெரியும்.

இடையில் ஒரு விஷயம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடிப் பேர். அதில் பெரும்பகுதி பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் திருமணம். டீக்கடையில் யாரும் தன் அம்மாவை 'வந்தேறி' என்று சொல்லிக் கேட்டதில்லை! வட இந்தியாவின் பெரும்பகுதியில் சொந்த ஊருக்குள் பெண் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று தெரிந்த வீட்டுக்குள்ளேயே சுற்றும் வழக்கம் இருந்தது. ஒரு பெண் எவ்வளவு தூரம் போவாள் என்பதைக் கூலி விகிதமா தீர்மானித்தது? உறவுமுறை தீர்மானித்தது. ஆண்களின் பயணத்திலும் இதே உறவுமுறைதான் வேலை செய்கிறது. அங்கே அதற்கு 'நெட்வொர்க்' என்று கௌரவமான பெயர் வைத்துவிட்டோம்.

சரி, தலைப்பில் சொன்ன கங்காணிக்கு வருகிறேன்.

இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர்கள் காப்பித் தோட்டம் போட்ட காலத்தில், திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்து ஆட்கள் போனார்கள். ஆரம்பத்தில் அது பருவகாலப் பயணம். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களுக்குப் போய்விட்டுத் திரும்புவது. கடல் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1869-ல் காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்தது, அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பி ஒழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறியதும் பயணத்தின் வடிவமே மாறிவிட்டது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும், கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். போய்வந்துகொண்டிருந்த ஆண்களின் இடத்தில் குடும்பம் குடும்பமாகக் குடியேற்றம் வந்தது, லயம் என்ற வரிசைக் குடியிருப்பு வந்தது, அங்கேயே பிறந்த பிள்ளைகள் வந்தார்கள். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் ஆட்களைத் தள்ளியது உண்மைதான். ஆனால் பசி மட்டும் ஒருவரைக் கண்டிச் சீமையில் குறிப்பிட்ட ஒரு தோட்டத்தின் குறிப்பிட்ட ஒரு லயத்தில் கொண்டுபோய் விடாது. அதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் கங்காணி. துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு வருவார். வெளியாள் இல்லை, அதே ஊர்க்காரர், பல சமயம் உறவுக்காரர். ஊரில் இருக்கிற கடனை அடைப்பார், துணி எடுத்துக் கொடுப்பார், வழிச்செலவைப் பார்த்துக்கொள்வார். எல்லாம் கூலியாளின் பெயரில் பற்று. தோட்டத்தில் போய் இறங்கும்போதே அந்தக் குடும்பம் கடனாளி. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, வந்து நிற்கிற ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. ஆட்களை வேறு தோட்டத்துக்கு மாற்ற நினைத்தால், இவர்கள் கடன் இவ்வளவு, கட்டிவிட்டு அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய 'துண்டு' கைமாறும். 1921-ல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, கங்காணியை வெறும் வில்லனாக எழுதிவிட முடியாது என்பதுதான். துரையிடம் நமக்காகப் பேசுகிறவர் அவர். திருவிழாவுக்கு முன்னால் நிற்பவர், கல்யாணத்தைப் பேசி முடிப்பவர், சண்டையைத் தீர்ப்பவர், சாவுக்குப் பணம் கொடுப்பவர். அந்தப் பணத்தைக் கணக்கில் ஏற்றிவைப்பவரும் அவரே. கங்காணிகளில் நிலமுள்ள சாதிகளைச் சேர்ந்தவர்கள் அதிகம், அவர்கள் அழைத்துப் போனவர்களில் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் அதிகம். ஊரில் இருந்த மேல் கீழ் கப்பலேறிப் போய் மலையில் இறங்கியது. அண்ணன் என்று கூப்பிடும் உறவும் கடன் சீட்டும் ஒரே ஆளின் கையில் இருக்கும்போது, கோபப்படக்கூட வழியில்லாமல் போகிறது. மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் போனவர்களை ஒப்பந்தக் காகிதம் கட்டிப்போட்டது. இலங்கைக்கு அந்தக் காகிதம்கூடத் தேவைப்படவில்லை, உறவே போதுமாக இருந்தது.

தள்ளுவதும் இழுப்பதும் எவ்வளவு குறைவாகச் சொல்கின்றன என்பதற்கு இந்த மக்களின் அடுத்த கதையே சாட்சி. 1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பார்த்தே இராத ஊருக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களில் பலர் நீலகிரிக்குப் போய், கூடலூர், கோத்தகிரிப் பக்கம், அரசின் டான்டீ தோட்டங்களில் மறுபடியும் தேயிலையே பறித்தார்கள். அங்கே இந்தியாக்காரன் என்ற வசவு, இங்கே சிலோன்காரன் என்ற வசவு. மண்டபம் முகாம் இருக்கிறதே, தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய்த்தொற்று பார்த்து அனுப்ப நிறுத்திவைத்த இடம் அது. பின்னாளில் திரும்பி வந்தவர்களும் அதன் வழியாகவே வந்தார்கள். 1983-க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கும் அதே முகாம்.

இப்போது மேற்கு ஒடிசாவுக்குப் போவோம். பலாங்கீர், நுவாபடா பக்கம் 'தாதன்' என்று ஒரு முறை உண்டு. நுவாகாய் என்ற புது அரிசித் திருவிழாவை ஒட்டித் தரகர் ஊருக்குள் வருவார். இவரும் தெரிந்த ஆள்தான், அங்கே சர்தார் என்பார்கள். கையில் முன்பணம். திருவிழாச் செலவு, வைத்தியச் செலவு, கல்யாணக் கடன் என்று வாங்கிக்கொண்ட குடும்பம், மழை முடிந்ததும் தெலங்கானாவுக்கோ ஆந்திராவுக்கோ நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கோ செங்கல் சூளைக்குக் கிளம்பும். கணக்கில் தனி ஆள் கிடையாது. 'பத்துரியா' என்ற அலகுதான்: கணவன், மனைவி, கூட இன்னொரு கை. அந்த இன்னொரு கை பல நேரம் ஒரு பிள்ளையுடையது. அறுத்த கல்லை எண்ணிக் கூலி, கூலியில் முன்பணம் கழியும். இதைப் படிக்கும்போது கங்காணி ஞாபகம் வராத தமிழர் இருக்க முடியுமா என்று யோசித்திருக்கிறேன். இருக்கிறார்கள், தினமும் என் முகநூல் பக்கத்தில் எழுதுகிறார்கள்.

வந்த இடத்தில் என்ன ஆகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு ஆப்பிரிக்காவிலிருந்து. இன்றைய ஜாம்பியாவின் செப்புச் சுரங்கப் பகுதியில், லுவான்ஷியா என்ற நகரத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் கலேலா என்று ஒரு ஆட்டம் ஆடுவார்கள். கிளைட் மிட்செல் என்ற மானிடவியலாளர் அதைப் பார்த்து 1956-ல் எழுதினார். ஆடுபவர்கள் பீசா என்ற இனக்குழுவைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர்கள். பாட்டில் சொந்த மண்ணின் பெருமை, மற்ற இனங்களின் மேல் கிண்டல். ஆனால் உடுப்பு மடிப்புக் கலையாத ஐரோப்பிய உடுப்பு, கூட்டத்தில் ஒருவருக்கு டாக்டர் வேஷம், ஒரு பெண்ணுக்கு நர்ஸ் வேஷம். கிராமத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த பழைய இனப்பற்று என்று இதைச் சொல்லிவிட முடியாது என்பது அவர் வாதம். முகம் தெரியாதவர்கள் நெருக்கியடித்து வாழும் நகரத்தில், யார் யார் என்று சட்டென்று வகைப்படுத்திக்கொள்ள மக்கள் புதிதாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

இங்கேயும் அப்படித்தான். அசாமிலிருந்து வந்த தேயிலைத் தோட்டத்துப் பையன், ஜார்க்கண்ட் ஆதிவாசி, மைதிலி பேசும் பீகார்க்காரர் மூவரும் ரயிலேறும்போது 'வடக்கன்' இல்லை. ஒருவர் சோறும் மற்றவர் சோறும்கூட ஒன்றில்லை. திருப்பூரில் இறங்கியபிறகுதான் 'வடக்கன்' ஆகிறார்கள். பம்பாயில் தமிழர், மலையாளி, தெலுங்கர் எல்லாரும் ஒரே 'மதராசி' ஆனதும் இப்படியேதான். 1966-ல் சிவசேனை தொடங்கி, தென்னிந்தியர்கள் வேலையைப் பிடுங்குகிறார்கள் என்று முழங்கியபோது, இன்று நாம் எழுதுகிற வசனங்கள் அத்தனையும் மராத்தியில் இருந்தன.

இன்னொன்று, பசிதான் கிளப்புகிறது என்றால் மிகவும் பசித்தவர்தானே முதலில் கிளம்ப வேண்டும்? பெரும்பாலும் நடப்பது அப்படியில்லை. யோர்கன் கார்லிங் என்ற ஆய்வாளர் மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய கேப் வெர்டே தீவுகளை ஆராய்ந்து 2002-ல் எழுதியதில் இதைப் பார்க்கலாம். போகும் ஆசை ஊரெல்லாம் இருக்கிறது, போகும் வசதி சிலருக்குத்தான். ஆசையிருந்தும் அசைய முடியாமல் கிடப்பவர்கள் எந்தக் குடிபெயர்வுக் கணக்கிலும் வருவதில்லை. சூளைவரை வந்து சேர்ந்தவர் நிச்சயம் ஏழை. ஆனால் முன்பணம் கொடுக்க ஒரு தரகர் நம்பிய அளவுக்கு உடம்பில் தெம்புள்ளவர். கிழவர்களையும் நோயாளிகளையும் சர்தார் கூட்டிவருவதில்லை.

அணை கட்டச் சொல்பவர்களுக்கு மெக்சிகோ கதையைச் சொல்ல வேண்டும். 1942 முதல் 1964 வரை அமெரிக்காவே 'பிராசெரோ' என்ற திட்டம் போட்டு மெக்சிகோ விவசாயக் கூலிகளைத் தருவித்தது. திட்டத்தை நிறுத்தினார்கள், வருவது நிற்கவில்லை. அதற்குள் ஊர் ஊராக உறவுப் பாதை போட்டாகிவிட்டது. சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் கூட்டாளிகளும் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது இதுதான்: எல்லைக் காவலை இறுக்கியதும், அதுவரை பருவத்துக்கு வந்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஆண்கள், திரும்பினால் மறுபடி உள்ளே வர முடியாது என்று அங்கேயே தங்கினார்கள், குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்கள். வேலி அவர்களை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே வைத்துப் பூட்டியது.

ஒடிசாவின் தாதன் தொழிலாளர் படும் பாட்டிலிருந்துதான் 1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டமே வந்தது. ஒப்பந்ததாரர் உரிமம் எடுக்க வேண்டும், பயணப்படி தர வேண்டும், ஊர்விட்டு வந்ததற்கென்று தனிப் படி தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 2020-ல் நிறைவேறிய, பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புச் சட்டம் அதை உள்வாங்கிக்கொண்டது. சட்டத்தின் பார்வை அன்று ஒப்பந்ததாரர் மேல் இருந்தது. இன்று நாம் கேட்பதெல்லாம் தொழிலாளியின் ஆதார் நகலையும் கைரேகையையும். வெளிமாநிலத்தவரைக் கணக்கெடுத்தே ஆக வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, எடுக்கட்டும். படிவத்தில் மூன்று கட்டம் மட்டும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள்: உங்களைக் கூட்டிவந்தவர் யார், கிளம்பும் முன் அவரிடம் எவ்வளவு வாங்கினீர்கள், இன்னும் எவ்வளவு பாக்கி.