ஆங்கிலத் தேர்வு மட்டும் போதாது

"ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் தேறினால் போதும், பிரிட்டனில் இறங்கிய மறுநாளே பதிவு பெற்ற செவிலியர்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அதன்பின் செவிலியர் பணி பற்றிய கணினித் தேர்வு இருக்கிறது. அதை இந்தியாவிலேயே எழுதலாம். செய்முறைத் தேர்வோ பிரிட்டனில் மட்டுமே. அதிலும் தேறிய பிறகுதான் பதிவு எண்.

அந்தச் செய்முறைத் தேர்வுக்காக என் அக்காள் மகள் உசிலம்பட்டி வீட்டில் பாட்டியைக் கட்டிலில் படுக்கவைத்து, கை கழுவுவதிலிருந்து ஒவ்வொரு படியையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள். அப்படியும் இரண்டாம் முறைதான் தேறினாள்.

பிரிட்டனுக்கு அனுப்ப ஏஜென்ட் மூன்று லட்சம் ரூபாய் கேட்பதாக எழுதிய மதுரைத் தங்கைக்கு: இந்திய விதிப்படி, பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தயவுசெய்து நகையை அடகு வைத்துவிடாதே, அம்மா. முதலில் அவரிடம் உரிம எண்ணைக் கேள்.