இஞ்சி மாப்பிள்ளை

(விடியற்காலை ஐந்தேகால் மணி. சமையலறையில் ஒரு பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதன் முன்னால் நோட்டுப்புத்தகமும் கையுமாக மாப்பிள்ளை. கர்ப்பம் மனைவிக்கு, ஒன்பதாவது வாரம். ஆனால் இவர் முகத்தைப் பார்ப்பவர்கள் இவருக்குத்தான் மசக்கை என்று சத்தியம் செய்வார்கள். நேற்றிரவு வந்து இறங்கிய மாமியார் மூக்கைப் பொத்தியபடி சமையலறை வாசலில் நிற்கிறார். மகப்பேறு வார்டில் 28 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர்.)

மாமியார்: மாப்பிள்ளை, வீட்டில் எங்காவது தீப்பற்றிவிட்டதா?

மாப்பிள்ளை: இல்லை அத்தை, இஞ்சிக் கஷாயம் காய்ச்சுகிறேன். நீங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டீர்கள்?

மாமியார்: நான் எங்கே எழுந்தேன்? இந்த நெடி என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டது. எவ்வளவு இஞ்சி போட்டீர்கள்?

மாப்பிள்ளை: கால் கிலோ.

மாமியார்: விருந்தாளிகள் யாராவது வருகிறார்களா?

மாப்பிள்ளை: இவள் ஒருத்திக்குத்தான். குமட்டலுக்கு இஞ்சி நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லது என்றால் தாராளமாகப் போட வேண்டியதுதானே?

மாமியார்: தூக்கமும்தான் நல்லது. அதற்காகக் கண்ணே திறக்காமல் இருந்தால் எங்கள் வார்டில் அதற்கு வேறு பெயர். இஞ்சி குமட்டலைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆராய்ச்சிகளில் கொடுத்துப் பார்த்ததே பெரும்பாலும் நாளொன்றுக்கு 1 கிராம் பொடிதான். அதையும் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்தப் பாத்திரத்தில் இருப்பதைக் குடித்தால் குமட்டல் எழுந்து போகும், அந்த நாற்காலியில் நெஞ்செரிச்சல் வந்து உட்காரும்.

மாப்பிள்ளை: 1 கிராமா! அப்படியானால் இது 250 நாளைக்கு வருமே. பிரசவம் வரைக்கும் கவலை இல்லை.

மாமியார்: அவர்கள் கொடுத்தது காய்ந்த பொடி, இது பச்சை இஞ்சி, அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது. விரல் நுனி அளவு நறுக்கி, நசுக்கி, வெந்நீரில் போட்டு, ஆறிய பிறகு ஒவ்வொரு மடக்காகக் குடித்தால் போதும். ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடிக்கச் சொன்னால், உள்ளே போன வேகத்திலேயே திரும்பி வரும். அடுப்பை அணையுங்கள் முதலில். சுவரில் ஏதோ ஒட்டியிருக்கிறீர்களே, அது என்ன?

மாப்பிள்ளை: (பெருமையுடன்) வாந்தி அட்டவணை. காலை 6 மணி முதல் 7 மணி வரை அவளுக்கு. 7.30க்கு எனக்குக் குளியல். 8 மணிக்கு இருவருக்கும் சிற்றுண்டி.

மாமியார்: இதை வயிற்றில் இருக்கும் குழந்தையிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினீர்களா?

மாப்பிள்ளை: ‘காலை நேரக் குமட்டல்’ என்றுதானே அத்தை நான் படித்த எல்லாவற்றிலும் போட்டிருக்கிறது?

மாமியார்: அது ஆங்கிலக்காரர் வைத்த பெயர். மசக்கை என்கிறோமே நாம், அதில் எங்கே காலை இருக்கிறது, எங்கே மாலை இருக்கிறது? காலையில் வரும், மதியம் வரும், நடு இரவில் எழுப்பிவிட்டும் வரும். இரவு முழுவதும் வயிறு காலியாகக் கிடப்பதால் காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

(உள்ளே குளியலறைக் கதவு படாரென்று சாத்தப்படும் ஓசை. தொடர்ந்து, எழுத்தில் கொண்டுவர முடியாத வேறோர் ஓசை.)

மாப்பிள்ளை: (கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதுகிறார்) 5.24. முப்பத்தாறு நிமிடம் முன்கூட்டியே வந்துவிட்டது.

மாமியார்: பஸ்ஸா, முன்கூட்டியே வருவதற்கு! தலைமாட்டில் காய்ந்த பிஸ்கட் ஏதாவது வைத்தீர்களா?

மாப்பிள்ளை: அவள் எழுந்து வந்ததும் கொடுக்கலாம் என்று அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

மாமியார்: எழுவதற்கு முன்னால் கொடுக்க வேண்டியது அது. கண் விழித்ததும் படுத்தபடியே இரண்டு கடித்துவிட்டு, ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே இருந்து, பிறகு மெதுவாக எழ வேண்டும். பிஸ்கட்டுக்கு எதற்குப் பூட்டு?

மாப்பிள்ளை: இரவில் நான் தின்றுவிடுகிறேன் அத்தை. எனக்கும் வயிற்றைப் புரட்டுகிறது. அவள் ஓடினால் எனக்கும் ஓட வேண்டும்போல் இருக்கிறது. இரண்டு கிலோ எடை கூடியிருக்கிறது.

மாமியார்: (உற்றுப் பார்த்து) அப்படிச் சில கணவர்களுக்கு வருவதுண்டு. அதற்கு மருத்துவத்தில் பெயர்கூட இருக்கிறது, கூவாட் என்பார்கள். என்ன, பிரசவ அறைக்கு மட்டும் அவர்களை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. சரி, ஏதோ பூந்தோட்டத்துக்குள் லாரி கவிழ்ந்ததுபோல் ஒரு வாசனை வருகிறதே, எங்கிருந்து?

மாப்பிள்ளை: அவளுக்கு இதமாக இருக்கட்டும் என்று படுக்கையறையில் ஐந்து வாசனை மெழுகுவத்திகள் ஏற்றியிருக்கிறேன். அப்புறம், நான் கொஞ்சம் சென்ட் போட்டிருக்கிறேன்.

மாமியார்: இந்த நேரத்திலா?

மாப்பிள்ளை: அவளுக்கு மிகவும் பிடித்த சென்ட். கல்யாணத்துக்கு முன்பே புகழ்ந்திருக்கிறாள்.

மாமியார்: அப்போது அவள் வயிற்றில் யாரும் இல்லை மாப்பிள்ளை. இப்போது அவளுக்கு மோப்ப நாயின் மூக்கு. பக்கத்து வீட்டில் வெங்காயம் உரித்தால் இங்கே கண் கலங்கும். நீங்கள் ஒரு பக்கம் மருந்து காய்ச்சுகிறீர்கள், இன்னொரு பக்கம் நோயையே மேலே தெளித்துக்கொண்டு உலவுகிறீர்கள். மெழுகுவத்தி ஐந்தையும் அணையுங்கள், ஜன்னலைத் திறங்கள், வாசனைச் சோப்பு போடாமல் குளியுங்கள். பாதி வைத்தியம் முடிந்தது.

மாப்பிள்ளை: எலுமிச்சை வாசனைகூடக் கூடாதா? என் குறிப்பில் நான்காவதாக இருக்கிறது.

மாமியார்: அது பலருக்குப் பிடிக்கிறது. தோலைக் கீறி மோந்து பார்க்கக் கொடுங்கள். அவளுக்குப் பிடித்தால் சரி, முகம் சுளித்தால் எடுத்துவிடுங்கள். சாப்பாட்டையும் சுடச்சுட நீட்டாதீர்கள். ஆவி பறந்தால் வாசனையும் பறக்கும். ஆறியதும் குளிர்ந்ததும்தான் இப்போது இறங்கும். அந்த நோட்டைக் கொடுங்கள் பார்ப்போம். (புரட்டுகிறார்) நாற்பத்து மூன்று குறிப்புகளா! யார் சொன்னது இவ்வளவும்?

மாப்பிள்ளை: முடி வெட்டுகிறவர், அலுவலகக் காவலாளி, பிறகு என் நண்பர்கள் மூவர்.

மாமியார்: நண்பர்களுக்கு எத்தனை குழந்தைகள்?

மாப்பிள்ளை: மூவருக்கும் இன்னும் திருமணம் ஆகவில்லை.

மாமியார்: இருக்கட்டும், கேள்வி ஞானம். (படிக்கிறார்) ‘17. மூலிகைப் பொடி, இரண்டு கரண்டி, மூன்று வேளை.’ என்ன மூலிகை?

மாப்பிள்ளை: அது தெரியாது. நூற்றுக்கு நூறு இயற்கையானது என்று சொன்னார்கள்.

மாமியார்: எட்டிக்கொட்டையும் நூற்றுக்கு நூறு இயற்கைதான். அரைத்துத் தரட்டுமா?

மாப்பிள்ளை: (தாழ்ந்த குரலில்) மாத்திரைக்குப் பயந்துதான் அத்தை இந்தப் பக்கம் வந்தேன். டாக்டர் பி6 வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் வாங்கவே இல்லை. தாலிடோமைடு என்று ஒரு மருந்தைப் பற்றிப் படித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மாமியார்: (சற்று நேரம் பேசவில்லை) அந்தப் பயம் வந்ததற்காக உங்களைக் கேலி செய்ய மாட்டேன். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மருந்து அது. மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961 கடைசியில் அங்கே திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் அந்த மருந்தால் உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் சரியாக வளராமல், உடல் குறைகளோடு பிறந்துவிட்டன. கர்ப்பிணிகளுக்கு ஆகுமா என்று சரியாகச் சோதித்துப் பார்க்காமலே கொடுத்ததன் பலன். சரி, உங்கள் பதினேழாம் நம்பர் பொடியைச் சோதித்தது யார்?

மாப்பிள்ளை: காவலாளியின் சித்தப்பா.

மாமியார்: பி6 அப்படிப்பட்டதில்லை. பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவரும் மருந்து. டாக்டர் எழுதிய அளவில் வாங்கிக் கொடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அதோடு சேர்த்துத் தர வேறு மாத்திரையும் இருக்கிறது, அவர் பார்த்துச் சொல்வார். இஞ்சியைப் போல இதையும் ‘தாராளமாக’க் கொடுத்துவிடாதீர்கள்.

மாப்பிள்ளை: இரும்புச் சத்து மாத்திரை விழுங்கினால் அவளுக்குக் குமட்டல் கூடுகிறது. அதை நிறுத்திவிடலாமா?

மாமியார்: நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் நேரத்தையோ மாத்திரையையோ மாற்றிக் கொடுப்பார். பல் துலக்குவதிலும் கவனம் வேண்டும்: வாந்தி எடுத்த உடனே தேய்த்தால் அமிலத்தையும் சேர்த்துப் பல்லில் தேய்த்ததுபோல் ஆகும். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்கட்டும். அது என்ன, கையில் கட்டு?

மாப்பிள்ளை: (மணிக்கட்டில் இறுக்கிய ரப்பர் வளையத்தைக் காட்டி) குறிப்பு 22. இங்கே அழுத்தினால் குமட்டல் நிற்குமாம்.

மாமியார்: அங்கே அழுத்தினால் இரத்த ஓட்டம்தான் நிற்கும். விரலெல்லாம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது பாருங்கள். கழற்றுங்கள். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாண் புடைத்துத் தெரிகிறதே, அதற்கு நடுவில் மெல்ல அழுத்த வேண்டும். சிலருக்குக் கேட்கிறது, சிலருக்கு இல்லை. கெடுதல் ஒன்றும் கிடையாது, அவளுக்குச் செய்துபாருங்கள். கையைப் பிடித்துக்கொண்டிருக்க ஒரு காரணம் கிடைத்ததுபோலவும் ஆகும்.

மாப்பிள்ளை: அத்தை, ஒரு சந்தேகம். இது ஏன்தான் வருகிறது? நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?

மாமியார்: (சிரித்து) பாதித் தவறு உங்களுடையதுதான். ஜிடிஎஃப்15 என்று ஒரு ஹார்மோன். குழந்தையும் நஞ்சுக்கொடியும் அதை அம்மாவின் இரத்தத்தில் நிறைய விடுகின்றன. அதற்கு முன்பே பழகாத உடம்பு தாங்காமல் குமட்டுகிறது என்று 2023இல் கண்டுபிடித்து எழுதினார்கள். அந்தக் குழந்தையில் பாதி யாருடையது?

மாப்பிள்ளை: (தலையைப் பிடித்துக்கொண்டு) அப்படியானால் இவ்வளவு நாளாக அவளை வாந்தி எடுக்க வைப்பதில் எனக்கும் பங்கு உண்டா?

மாமியார்: அதனால்தான் சொல்கிறேன், சென்டாவது போடாமல் இருங்கள். பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு வருவதுதான் இது. ஒன்பதாவது வாரத்தை ஒட்டித்தான் உச்சம். பன்னிரண்டு, பதினான்கில் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலருக்கு இருபதாவது வாரம் வரை இழுக்கும். இப்போது நோட்டை எடுத்து நான் சொல்வதை மட்டும் எழுதுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, போனாலும் கருமஞ்சளாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் இரத்தம் தெரிகிறது, காய்ச்சலோ வயிற்று வலியோ சேர்ந்து வருகிறது. இதில் எது ஒன்று நடந்தாலும் இஞ்சியும் கிடையாது, எலுமிச்சையும் கிடையாது, நேராக மருத்துவமனை. எடையையும் பார்த்து வையுங்கள். கர்ப்பத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்தாள்?

மாப்பிள்ளை: 60 கிலோ. நேற்றுப் பார்த்தபோது 59.

மாமியார்: மூன்று கிலோ குறைந்தால் அது சாதாரண மசக்கையில் சேராது, டாக்டர் பார்த்தாக வேண்டும். உங்களுக்குக் கூடிய இரண்டு கிலோவை அவள் கணக்கில் வரவு வைக்க வேண்டாம்.

(மாப்பிள்ளையின் கைப்பேசி ஒலிக்கிறது. பத்தடி தொலைவில் இருக்கும் குளியலறையிலிருந்து மனைவியின் செய்தி.)

மாப்பிள்ளை: (படிக்கிறார்) ‘ஐஸ் கட்டி வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். யாருடைய குறிப்பும் வேண்டாம்.’ (பேனாவைத் திறந்து) 44. ஐஸ் கட்டி…

மாமியார்: எழுதாதீர்கள், கொண்டுபோய்க் கொடுங்கள்!

(மாப்பிள்ளை கிண்ணத்தோடு ஓடுகிறார். அரை நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்புகிறார்.)

மாமியார்: வாங்கிக்கொண்டாளா?

மாப்பிள்ளை: கை மட்டும் வெளியே வந்து வாங்கியது. நான் குளித்துவிட்டு, உடுப்பு மாற்றி, முடிந்தால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போகச் சொல்கிறாள். என்மேல் இஞ்சி நாறுகிறதாம்.

மாமியார்: குளியுங்கள், வீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் இந்தக் கஷாயத்தைக் கொட்டிவிடுகிறேன். 28 வருடம் வார்டில் நின்றவள், எந்த நாற்றமும் என்னை ஒன்றும் செய்யாது.

(பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் சாய்க்கிறார். கால் கிலோ இஞ்சியின் ஆவி ஒரே மூச்சாக முகத்துக்கு ஏறுகிறது. மாமியார் பாத்திரத்தைப் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து ஓடுகிறார். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கிறார், நோட்டைத் திறக்கிறார், எழுதுகிறார்: 5.58. பிறகு அலமாரியின் பூட்டைத் திறந்துகொண்டே வெளியே எட்டிப் பார்க்கிறார்.)

மாப்பிள்ளை: அத்தை, பிஸ்கட் வேண்டுமா?