திட்டு வாங்கத் தெரிந்தவர்

சிரித்ததற்காக ஒரு ஆட்டக்காரரை வெளியேற்றினார்கள் என்றால் நம்புவது கஷ்டம். ஆனால் நடந்தது. 2007 ஏப்ரல் 15, டல்லாஸ். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணியின் டிம் டங்கன் அப்போது ஆடிக்கொண்டுகூட இல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடுவர் ஜோயி கிராஃபோர்ட் கொடுத்த தீர்ப்பைப் பார்த்துச் சிரித்தார். டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார் நடுவர். நடத்தை சரியில்லை என்று போடும் தண்டனை அது, இரண்டு வாங்கினால் வெளியே. டங்கனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இன்னொரு டெக்னிக்கல், கிளம்பு. நடுவர் தன்னைச் சண்டைக்குக் கூப்பிட்டதாக டங்கன் பிறகு சொன்னார். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ அந்த நடுவரை மீதி சீசன் முழுக்க வீட்டில் உட்கார வைத்தது. டங்கனுக்கும் 25,000 டாலர் அபராதம் போட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'இந்த ஆளுக்கு முகத்தில் உணர்ச்சியே வராதா' என்று அமெரிக்கப் பத்திரிகைகள் அதுவரை பத்து வருடமாகக் கேலி பண்ணியது இவரைத்தான். சலிப்பூட்டும் ஆட்டக்காரர் என்று பெயர். எதிரணி நட்சத்திரம் ஷகீல் ஓ'நீல் இவருக்கு வைத்த பட்டம் 'தி பிக் ஃபண்டமென்டல்'. அதில் மரியாதையும் உண்டு, லேசான கிண்டலும் உண்டு. அடிப்படைப் பாடம் தவறாத பெரிய பையன், அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். லேக்கர்ஸ் அணி நட்சத்திரம் கோபி பிரையன்ட் ஆடினால் விடியற்காலை ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழுவேன். ஸ்பர்ஸ் ஆட்டம் என்றால் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இத்தனை வருடம் கழித்து டங்கனின் பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்க்கும்போதுதான் என் மேலேயே கோபம் வருகிறது.

அவருடைய அடையாளமான ஷாட் ஒன்று போதும். வளையத்துக்கு இடதுபக்கம், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் நிற்பார். பந்து கைக்கு வரும். எதிராளியை ஒரு முறை நேருக்கு நேர் பார்ப்பார். ஒரு காலை லேசாக முன்னே வைத்து எடுப்பார். அப்புறம் பந்தை வளையத்துக்கு எறியாமல் அதன் பின்னாலிருக்கும் போர்டில் வரைந்த கட்டத்தின் மேல் மூலைக்கு அனுப்புவார். 24 அங்குல அகலம், 18 அங்குல உயரமுள்ள கட்டம் அது. 'டொக்' என்று ஒரு சத்தம், பந்து உள்ளே. பெரிய எம்பல் கிடையாது, பந்து விழுந்த பிறகு நெஞ்சில் தட்டிக்கொள்வதும் கிடையாது. எங்கள் கிரவுண்டில் போர்டு ஷாட் என்போம். சின்னப் பையன்களுக்கு முதலில் சொல்லித் தருவது அதுதான். நாலு மாதம் ஆடிப் பழகியதும் கௌரவக் குறைச்சல் என்று விட்டுவிடுவோம். டங்கன் 19 சீசன் அதை வைத்துச் சம்பாதித்தார். எல்லோருக்கும் தெரியும் அதைத்தான் போடப் போகிறார் என்று. தடுக்கத்தான் முடியவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த ஷாட்டைப் பற்றி இல்லை, அவர் திட்டு வாங்கிய விதத்தைப் பற்றி.

நான் பள்ளி அணியில் இருந்தேன். ஆடினேன் என்று சொன்னால் பொய். ஆடுகிறவர்களின் வாட்ச்சையும் செருப்பையும் பார்த்துக்கொண்டேன். எங்கள் பி.டி. மாஸ்டர் வாயைத் திறந்தால் வசவுதான் வரும். ஆனால் அந்த வசவு எங்கள் டீமின் நம்பர் ஒன் பக்கம் மட்டும் போகாது. அவன் பாஸே கொடுக்காமல் நாலு பேருக்கு நடுவில் புகுந்து பந்தைத் தொலைத்துவிட்டு வருவான். "நீங்கள்லாம் ஏன்டா ஓடிப்போய் நிக்கல" என்று மற்ற நாலு பேருக்கும் அர்ச்சனை நடக்கும். ஒருமுறை மைதானத்தில் காலே வைக்காத எனக்கும் விழுந்தது, தண்ணீர் பாட்டிலை மெதுவாகக் கொண்டு போனேனாம். கடைசியில் என்ன ஆகும்? நம்பர் ஒன் எப்போது தோற்பான் என்று மீதிப் பேர் உள்ளுக்குள் காத்திருப்போம். பிறகு வேலை பார்த்த இடங்களிலும் இதே கதையைப் பார்த்திருக்கிறேன். அதிகம் விற்பவனை எந்த மேனேஜரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

ஸ்பர்ஸில் இது தலைகீழ். பயிற்சியாளர் கிரெக் பாபோவிச் முதலில் எரிந்து விழுவது டங்கன் மேல்தான். டைம்அவுட் என்ற சின்ன இடைவேளையில், எல்லோர் முன்னாலும். 2002, 2003 என்று இரண்டு வருடம் அடுத்தடுத்து என்பிஏவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஆள், ஏழடிக்கு ஒரு அங்குலம் குறைவான ஆள், கண்ணை அகல விழித்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீமுக்குப் புதிதாக வந்த பத்தொன்பது வயதுப் பையன் இதைப் பார்க்கிறான். நாளைக்கு அவன் பக்கம் திட்டு திரும்பும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பாபோவிச்சே பல முறை சொல்லியிருக்கிறார்: டங்கன் என்னைப் பயிற்சியாளராக இருக்க விட்டார், அதனால்தான் மற்றவர்களிடமும் என்னால் வேலை வாங்க முடிந்தது என்று.

திட்டினால்தான் ஆள் உருப்படுவான் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவிடாதீர்கள். எங்கள் மாஸ்டரும் திட்டினார், நாங்கள் ஒன்றும் உருப்படவில்லை. திட்டுகிறவர் அதற்கு முன்னால் என்ன செய்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டுமே.

டங்கன் கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் குரோய் என்ற குட்டித் தீவுக்காரர். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்று. பிறந்தது 1976. அங்கே அவர் நீச்சல்காரர், 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அக்கா டிரிஷா 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர், தம்பியும் அதே வழியில் போகவேண்டியது. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் வந்து தீவில் இருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல் குளத்தை நாசம் செய்துவிட்டது. கடலில் போய்ப் பயிற்சி எடுங்கள் என்றார்கள். பையனுக்குச் சுறா என்றால் பயம். போகவில்லை. அடுத்த ஏப்ரலில், அவருடைய பதினான்காவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்த அம்மா மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார். அதன் பிறகு தண்ணீர்ப் பக்கம் போட்டிக்காகப் போகவே இல்லை. அக்கா வீட்டுக்காரர் ஒருவர் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். ஒன்பதாம் வகுப்பில்தான் முறையாக ஆடவே ஆரம்பித்தார்.

படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடியதுமே கோடிக்கணக்கான டாலர் காத்திருந்தது. அசையாமல் நாலு வருடமும் இருந்து உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் 1997ல் வெளியே வந்தார். அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ தேர்வில் ஸ்பர்ஸ் முதல் ஆளாக அவரை எடுத்தது. முந்தைய சீசனில் 82 ஆட்டத்தில் 20 மட்டுமே ஜெயித்த அணி. நட்சத்திரம் டேவிட் ராபின்சன் காயத்தில் உட்கார்ந்ததால் வந்த நிலைமை.

தேர்வு முடிந்ததும் பாபோவிச் விமானம் ஏறி செயின்ட் குரோய்க்கே போனார். சில நாட்கள் டங்கனோடு கடலில் நீந்தினார், கடற்கரையில் உட்கார்ந்து பேசினார். பெரும்பாலும் கூடைப்பந்து தவிர்த்த மற்றதெல்லாம். டங்கனின் அப்பாவையும் பழக்கம் பிடித்துக்கொண்டார். 2002ல் இறந்துபோன அந்த அப்பா, "இவன் ஆடி முடிக்கும்போதும் இப்போது இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும், அதற்கு நீதான் பொறுப்பு" என்ற பொருளில் பாபோவிச்சின் கண்ணைப் பார்த்துச் சொன்னாராம். இப்படிப்பட்ட ஒருவர் கத்தினால் கேட்டுக்கொள்ளலாம். மகனை ஒப்படைத்தாயிற்று.

1999ல் முதல் கோப்பை. 2000ல் ஆர்லாண்டோ அணி கூப்பிட்டது, கிட்டத்தட்டப் போயே இருப்பார், கடைசியில் தங்கிவிட்டார். ஏழு ஆட்டம் வரை போகக்கூடிய இறுதிப் போட்டியில், 2003ன் ஆறாவது ஆட்டம் தனியாக உட்கார்ந்து பார்க்கவேண்டியது. நியூ ஜெர்சி அணிக்கு எதிராக 21 புள்ளி, 20 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்), 8 பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது). இன்னும் இரண்டு பிளாக் இருந்தால் இறுதிப் போட்டியில் யாருமே செய்யாத குவாட்ரபிள் டபுள், அதாவது நாலிலும் இரட்டை இலக்கம். அன்றைக்கு ராபின்சனின் கடைசி ஆட்டம். விசில் அடித்ததும் டங்கன் பெரியவரைக் கட்டிக்கொண்டு நிற்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

2005, 2007 கோப்பைகளை வேகமாகக் கடக்கிறேன், அதெல்லாம் எழுதினவர்கள் நிறைய. பிரான்சிலிருந்து வந்த டோனி பார்க்கர், அர்ஜென்டினாவிலிருந்து வந்த மனு ஜினோபிலி, இவர் என்று மூன்று பேரும் சேர்ந்து லீக் ஆட்டங்களில் மட்டும் 575 வெற்றி. வேறு எந்த மூவருக்கும் அவ்வளவு இல்லை. வருடத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர், 2012ல் அதில் பாதிக்கும் குறைவான சம்பளத்துக்கு அடுத்த ஒப்பந்தம் போட்டதும் அணியை உடையாமல் வைத்துக்கொள்ளத்தான்.

குறையே இல்லாத மனிதர் என்று சொல்ல வரவில்லை. யாரும் தடுக்காமல் போடும் ஃப்ரீ த்ரோவில் பத்துக்கு மூன்று தவறவிடுவார். ஸ்பர்ஸ் மேல் எனக்கு ஒரு மனக்கசப்பும் உண்டு. ஆளுக்கு வயதாகிறது என்று நல்ல ஆட்டங்களில் உட்கார வைத்துவிடுவார்கள். 2012 மார்ச்சில் ஒரு ஆட்டத்தின் அதிகாரப்பூர்வ குறிப்பில், டங்கன் ஏன் ஆடவில்லை என்ற காரணத்துக்கு 'வயசாகிவிட்டது' என்றே எழுதினார்கள். அதை ரசித்தேன். ஆனால் அதே வருடம் நவம்பரில் மயாமி அணியுடனான ஆட்டத்துக்கு முன்னால் டங்கன் உட்பட நாலு முக்கிய ஆட்டக்காரர்களை விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார் பாபோவிச். காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவன் என்ன பாவம் செய்தான்? என்பிஏ 2,50,000 டாலர் அபராதம் போட்டது. சரியான தண்டனைதான் என்பேன்.

அந்த மயாமியோடுதான் 2013 இறுதிப் போட்டி. ஆறாவது ஆட்டம், 28 வினாடி மிச்சம், ஸ்பர்ஸ் 5 புள்ளி முன்னிலை. கோப்பை கொடுக்கும் மேடைக்காக மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். டங்கன் அன்று 30 புள்ளி, 17 ரீபவுண்ட். கடைசியில் முன்னிலை 3 ஆகக் குறைந்தபோது, மூன்று புள்ளி ஷாட்டைத் தடுக்க ஓடக்கூடிய ஆள் வேண்டும் என்று பாபோவிச் அவரை வெளியே எடுத்தார். மயாமி போட்ட ஷாட் தவறியது. அந்தப் பந்தைப் பிடிக்க டங்கன் உள்ளே இல்லை. மயாமியின் கிறிஸ் பாஷ் பிடித்து ரே ஆலனுக்குத் தள்ள, மூலையிலிருந்து ஆலன் போட்டது உள்ளே. சமன். கூடுதல் நேரத்தில் தோல்வி.

இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டம். 50 வினாடிக்கும் குறைவு, 2 புள்ளி பின்னால், தன்னைவிட மூன்று அங்குலம் குட்டையான ஷேன் பேட்டியர் தலைக்கு மேல் டங்கன் போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. திரும்பத் தட்டினார், அதுவும் போகவில்லை. ஓடிப் பின்னால் வந்தவர் குனிந்து இரண்டு கையாலும் தரையை ஓங்கி அறைந்தார். உணர்ச்சி இல்லாதவராம்.

எந்த நட்சத்திரமாக இருந்தாலும் அந்தக் கோடைக்காலத்தில் ஒரு பேட்டி கொடுத்திருப்பார். 'என்னை ஏன் வெளியே எடுத்தீர்கள்' என்று நேராகக் கேட்க வேண்டாம், ஜாடையாகச் சொன்னால் போதும், அணி இரண்டாக உடைந்திருக்கும். டங்கன் அப்படிப் பேசியதாக நான் எங்குமே படித்ததில்லை. தான் தவறவிட்ட ஷாட்டைப் பற்றித்தான் பேசினார். மறு வருடம் அதே மயாமியைச் சந்திக்கப் போவது முடிவானதும், இந்தமுறை முடித்துவிடுவோம் என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே ஆச்சரியம். 4-1 என்று முடித்தார்கள். அவருக்கு அது ஐந்தாவது கோப்பை, வயது 38.

2016 ஜூலை 11 அன்று ஸ்பர்ஸ் ஒரு பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டது, டங்கன் ஓய்வு பெறுகிறார் என்று. கோபி அதே வருடம் ஊர் ஊராகப் போய் விடைபெற்று, கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி அடித்தார். டங்கன் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு கூட வைக்கவில்லை. மறுநாள் பாபோவிச் மட்டும் வந்தார், டங்கனின் முகம் அச்சடித்த டி-ஷர்ட் போட்டுக்கொண்டு. டங்கனின் அப்பா கேட்டுக்கொண்டதை அன்றைக்குத்தான் சொன்னார். தொண்டை அடைத்தது அவருக்கு.

டங்கன் சான் அன்டோனியோவில் தான் வைத்திருக்கும் கார் பட்டறைப் பக்கம் போனார். 2019ல் ஒரு வருடம் துணைப் பயிற்சியாளராக வந்தார். "19 வருடம் நான் டங்கனுக்கு உதவியாளராக இருந்தேன், இப்போது அவர் திருப்பிச் செய்யட்டும்" என்கிற மாதிரி கிண்டலடித்தார் பாபோவிச். அந்த சீசனில் பாபோவிச் வர முடியாமல் போன ஒரு நாள், சார்லட் அணிக்கு எதிராக டங்கன் பொறுப்பேற்று நின்றார். 104-103 என்று ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். அதோடு சரி, மறுபடி பட்டறை.

2024 நவம்பரில் பாபோவிச்சுக்குப் பக்கவாதம் வந்தது. 2025 மே மாதம் பயிற்சியாளர் பொறுப்பை விட்டுவிட்டு, அதைச் சொல்லப் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்தார். நடை தள்ளாடியது. ஒரு பக்கம் ஜினோபிலி. இன்னொரு பக்கம், தன்னுடைய ஓய்வு நாளுக்கே எட்டிப் பார்க்காத டங்கன், அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.