தஞ்சாவூர்ப் படத்தை டியூப்லைட்டில் பார்க்காதீர்கள்

எங்கள் கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் பழைய தஞ்சாவூர்ப் படம் ஒன்று இருக்கிறது. வெண்ணெய்த் தாழியோடு கிருஷ்ணன். கொள்ளுத்தாத்தா காலத்திலேயே இருந்தது என்பார்கள், அதற்கு மேல் யாருக்கும் விவரம் தெரியாது. சின்ன வயதில் எனக்கு அதைப் பிடிக்காது. உப்பிய கன்னம், கழுத்தே தெரியாத உடம்பு, போதாததற்கு எங்கு பார்த்தாலும் கல். கல்யாண மண்டப மேடை ஜோடனை மாதிரி இருக்கும்.

மனசு மாறியது ஒரு கார்த்திகையன்று. நல்ல மழை, கரண்டும் இல்லை. வாசலில் வைக்க வேண்டிய அகல்களை அம்மா கூடத்திலேயே வரிசையாக ஏற்றிவிட்டார். படத்தில் நீலமோ சிவப்போ எதுவும் தெரியவில்லை. மாலை, வங்கி, தூண், தோரணம் இவை மட்டும் இருட்டிலிருந்து எழுந்து நின்றன. சுடர் ஆட ஆட, மார்பில் மாலையும் ஆடியது. இத்தனை வருஷம் டியூப்லைட்டுக்குக் கீழே நான் பார்த்தது இந்தப் படத்தைத்தானா!

யோசித்தால் காரணம் எளிது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சு பூசி, நகையும் தூணும் வருகிற இடங்களில் குழம்பால் மேடு கட்டி, அதன்மேல் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிக் கண்ணாடிக் கல் பதிப்பார்கள். எதற்கு அந்த மேடு? நேர் வெளிச்சத்தில் அது தட்டையாகிவிடும். கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ ஒரு சுடர் பட்டால்தான் மேடும் நிழலும் பிரியும். இரண்டாம் சரபோஜி தஞ்சையை ஆண்ட காலத்தில் (1798–1832) இருட்டியபின் விளக்கைவிட்டால் வேறென்ன வெளிச்சம்? கோயில் கருவறை மாதிரிதான் பூஜையறையும்.

இன்னொரு சாட்சியும் சொல்கிறேன். 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் அச்சிட்ட லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள். செட்டிநாட்டுக்காரர்கள் அந்தக் காகித லட்சுமியை அப்படியே மாட்டித் திருப்திப்படவில்லை. ஜரிகையும் சம்க்கியும் வைத்துப் புடவை கட்டிவிட்டார்கள். ஓவியரின் பாணியைக் கெடுத்துவிட்டார்கள் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்கு வெளிச்சத்தில் சாமி மின்ன வேண்டும் என்று பழகிய கண் அது.

அதனால்தான் அருங்காட்சியகத்தில் மேலிருந்து ஸ்பாட்லைட் அடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. பாதுகாப்பு வேண்டும், சரி. பக்கத்திலிருந்து ஒரு மங்கிய விளக்காவது வைக்கலாமே. (விளக்கும் லேசுப்பட்டதல்ல, படத்தை ஒட்டி ஏற்றினால் புகை படிந்து கிருஷ்ணன் காளியாகிவிடுவார். எங்கள் படத்தில் பாதிக் கறுப்பு அப்படி வந்ததுதான்.)

ஐப்பசி வேறு கதை. பலகை, துணி, பசை மூன்றும் ஈரத்தைக் குடிக்கும். துணி உப்பும், பூஞ்சை வெள்ளையாகப் படரும். எங்கள் பெரியப்பா ஒரு அடைமழையில் பூஞ்சையைப் போக்க ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். பூஞ்சையோடு கிருஷ்ணனின் இடது கால் விரல்களும் போயின. இப்போது மழை தொடங்குமுன் படத்தைச் சுவரைவிட்டு இரண்டு விரற்கடை தள்ளி மாட்டுகிறேன். காற்று புகுந்து வந்தால் போதும்.

சித்திரையில் நான் படத்தைப் பார்ப்பதே இல்லை. கண்கூசும் வெயிலில் தங்கம் எதற்கு? பத்தமடைப் பாயை விரித்து ஊஞ்சல் சங்கிலிக்குக் கீழே படுத்துவிடுவேன். புரட்டாசியில் கொலுப் பெட்டி திறக்கும்போது மறுபடி ஆசை வரும். மூக்கு தேய்ந்த மரப்பாச்சி ஜோடியைத் தலைமுறை தலைமுறையாக முதலில் எடுத்து வைக்கிறோம்.

எனக்குப் பயம் போகியைப் பார்த்துத்தான். ‘பழையன கழிதலும்’ என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எத்தனை கதவு, எத்தனை சட்டம், எத்தனை பொம்மை! பித்தளை அடுக்கையெல்லாம் போட்டு எவர்சில்வர் வாங்கினார்கள், அதற்காவது பதிலுக்கு ஒரு பாத்திரம் கையில் வந்தது. போன போகிக்கு எதிர்வீட்டு வாசலில் எரியக் காத்திருந்த குவியலில் ஒரு மரச்சட்டம் கிடந்தது. படம் உரிந்து போயிருந்தது, ஓரத்தில் நகம் அளவு தங்க ரேக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டு வாங்கி வந்தேன். “அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணப் போறே?” என்றார் அந்த மாமி. வாசலில் அவர்கள் தீயை மூட்டியதும், அந்த வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். துளிகூடக் கறுக்கவில்லை.