மூணாவது மேட்ச்லயே மேனேஜரைத் துரத்தக் கிளம்புற நண்பர்களுக்கு

ஆகஸ்ட் மாசம் இங்கிலாந்து ஃபுட்பால் லீக், அதான் பிரீமியர் லீக், தொடங்குறப்ப நம்ம ரசிகர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே பல்லவிதான். டீமோட தலைமைக் கோச்சைத்தான் அங்க மேனேஜர்னு சொல்வாங்க. "நம்பிக்கை இருக்குப்பா, ஆனா ஓவரா ஆசைப்படல. புது மேனேஜர், முதல் சீசன், டாப் சிக்ஸ் வந்தாலே போதும். டைம் கொடுக்கணும்." கிருஷ்ணகிரி ரவுண்டானா டீக்கடையிலயும் இதே பேச்சு, தருமபுரி நாலு ரோட்டுலயும் இதே பேச்சு, ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்குள்ளயும் இதே பேச்சு. கேக்க எவ்வளவு பக்குவமா இருக்கு! செப்டம்பர் பிறக்கட்டும். ரெண்டு டிரா, ஒரு தோல்வி, அவ்வளவுதான். அதே வாட்ஸ்அப் குரூப்ல அதே ஆளு: "இந்தாளு வேஸ்ட்டு மச்சி, தூக்கிட்டு வேற ஆளைப் போடணும்." டைம் கொடுக்கணும்னு சொன்னீங்களே, அது எத்தனை நாள்? 21 நாளா?

வயிறு எரியுதுங்க. நிதானமா நம்புறேன்னு சொன்னா அந்த நிதானத்துக்கு ஒரு அளவு வேணும். எதைப் பார்த்து நம்புறோம், எதைப் பார்த்தா சந்தேகப்படணும்னு தெரிஞ்சிருக்கணும். அது எதுவும் கிடையாது. ஸ்கோரை மட்டும் பார்க்கிறது, ஜெயிச்சா கடவுள், தோத்தா துரோகி.

மூணு மேட்ச்னு சொன்னதும் ஆர்சனல்தான் ஞாபகம் வருது. 2021-22 சீசன்ல முதல் மூணு மேட்ச்: பிரென்ட்ஃபோர்டு 0-2, செல்சி 0-2, மான்செஸ்டர் சிட்டி 0-5. ஒரு கோல் கூட அடிக்கல, 9 கோல் வாங்கியாச்சு, பட்டியல்ல 20-வது இடம். மேனேஜர் ஆர்டேட்டாவை அன்னைக்கே அனுப்பச் சொல்லாத ஆர்சனல் ரசிகன் நம்ம பக்கம் எத்தனை பேர் இருந்தாங்க? விரல் விட்டு எண்ணிடலாம். அந்த சீசனை 5-வது இடத்துல முடிச்சாங்க, அடுத்த சீசன் 84 பாயின்ட், அதுக்கடுத்து 89. அந்த மோசமான தொடக்கத்துக்கு முந்தின சீசன், 2020 கிறிஸ்துமஸ் சமயத்துல, 14 மேட்ச்ல 14 பாயின்ட் எடுத்து 15-வது இடத்துல கிடந்த டீம் அது.

கிளாப் லிவர்பூலுக்கு வந்தது 2015 அக்டோபர். அந்த சீசன் 60 பாயின்ட், 8-வது இடம், ரெண்டு ஃபைனல்லயும் தோல்வி. கார்டியோலா சிட்டிக்கு வந்த 2016-17-ல ஒரு கோப்பை கூட இல்லாம 3-வது இடம். அடுத்த சீசன் 100 பாயின்ட். ஃபெர்குசன் 1986 நவம்பர்ல மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து முதல் லீக் பட்டத்தைத் தூக்கினது 1992-93-ல.

உடனே இன்னொரு கூட்டம் எழுந்து வரும்: "பாத்தியா, ஃபெர்குசனுக்கே டைம் கொடுத்தாங்க, இவருக்கும் கொடு." இதுவும் எனக்கு எரிச்சல்தான். காத்திருந்தா எல்லாரும் ஃபெர்குசன் ஆயிட மாட்டாங்க. ஃபெர்குசனுக்கு அப்புறம் அதே கிளப்புக்கு வந்த மோய்ஸுக்கு 6 வருஷ ஒப்பந்தம் போட்டாங்க, 10 மாசத்துல அனுப்பினாங்க. அந்த மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தைப் பார்த்தவங்களுக்கு அது ஏன்னு தெரியும்: ஓரத்துல இருந்து கிராஸ் மேல கிராஸ் போடுறதைத் தவிர வேற வழி தெரியாத ஆட்டம். முதல் சீசன் நல்லா முடிஞ்சாலும் நம்ப முடியாது. அதே யுனைடெட்டுக்கு வந்த டென் ஹாக் 2022-23-ல 75 பாயின்ட், 3-வது இடம், கையில லீக் கோப்பை. மறு சீசன் 60 பாயின்ட், 8-வது இடம். பட்டியல் ரெண்டு பக்கமும் ஏமாத்தும். அதனாலதான் கெஞ்சிக் கேக்கிறேன், ஆட்டத்தைப் பாருங்க.

எங்க பார்க்கிறது? கோல் கிக்ல ஆரம்பிங்க, அதான் எதிரணி அடிச்ச பந்து நம்ம கோல் கோட்டைத் தாண்டி வெளிய போனதும் நாம எடுக்கிற கிக். நம்ம ஆளுங்க கரெக்டா அப்பதான் போனை எடுப்பாங்க. புது மேனேஜர் பயிற்சியில என்ன சொல்லிக் கொடுத்திருக்காருன்னு அப்பட்டமா தெரியிற இடமே அதுதான். 2019-ல விதி மாறினதுல இருந்து கோல் கிக் எடுத்தா பந்து பெனால்டி பாக்ஸை விட்டு வெளிய போகணும்னு கட்டாயம் இல்ல. ரெண்டு சென்டர் பேக்கும், அதான் நடு டிஃபெண்டர்கள், கீப்பருக்கு ரெண்டு பக்கமும் பாக்ஸுக்குள்ளயே நிப்பாங்க. கீப்பர் ஒருத்தருக்குக் கொடுப்பார். எதிரணி ஸ்ட்ரைக்கர் நேரா ஓடி வரமாட்டான், வளைஞ்சு ஓடி வருவான். அடுத்த சென்டர் பேக்குக்குப் போற வழியை உடம்பால அடைச்சுக்கிட்டே வருவான். இப்ப நம்ம நம்பர் 6, அதான் டிஃபென்சுக்கு முன்னாடி நிக்கிற மிட்ஃபீல்டர், எங்க நிக்கிறான்னு பாருங்க.

முதல் நாலஞ்சு மேட்ச்ல அவன் அந்த ஸ்ட்ரைக்கர் முதுகுக்குப் பின்னாடி நிழல்லயே நிப்பான். பந்து போக வழியில்ல. சென்டர் பேக் வேற வழி இல்லாம ஓரத்துல நிக்கிற ஃபுல் பேக்குக்குத் தள்ளுவான். அவனுக்கு ஒரு பக்கம் கோடு, முகம் நம்ம கோல் பக்கம், முதுகுல ஒரு ஆளு. அங்கதான் பொறி. பந்து போச்சு, கோல் விழுந்தது, குரூப்ல ஃபுல் பேக்குக்குத் திட்டு. அவன் என்ன பண்ணுவான் பாவம்? தப்பு ரெண்டு பாஸுக்கு முன்னாடியே நடந்திருச்சு.

இது சரியாகுற விதத்தையும் கண்ணால பார்க்கலாம். நம்பர் 6 பந்து வர்றதுக்கு முன்னாடியே தோளைத் திருப்பி ஒரு தடவை பின்னாடி பார்ப்பான், ரெண்டடி பக்கவாட்டுல நகருவான், நிழலை விட்டு வெளிய வருவான். இல்லன்னா சென்டர் பேக், முன்னாடியிருந்து இறங்கி வர்ற நம்ம ஸ்ட்ரைக்கருக்கு நேரா அடிப்பான், அவன் ஒரே டச்ல நம்பர் 6-க்கு வைப்பான். பேப்பர் பேனா எடுத்து எண்ணுங்க: இன்னைக்கு எத்தனை கோல் கிக், அதுல எத்தனை தடவை பந்து நம்ம கால்லயே இருந்து நடுக்கோட்டைத் தாண்டுச்சு. மூணாவது மேட்ச்ல 8-க்கு 2, பத்தாவது மேட்ச்ல 8-க்கு 5-ன்னு ஏறுச்சுன்னா ஸ்கோர் எதுவா இருந்தாலும் வேலை நடக்குது. பதினைஞ்சாவது மேட்ச்லயும் அதே 2-தான்னா அப்ப சந்தேகப்படுங்க, நானும் வந்து சேர்ந்துக்கிறேன்.

அடுத்து ஹை லைன், அதான் டிஃபென்ஸ் வரிசை நடுக்கோட்டுப் பக்கம் ஏறி நிக்கிறது. பந்தைத் தலைக்கு மேல போட்டு எதிரணி கோல் அடிச்சதும் "சென்டர் பேக்குக்கு ஸ்பீடு இல்ல" ன்னு ஆரம்பிச்சிருவீங்க. ரீப்ளேயை அஞ்சு செகண்ட் பின்னாடி தள்ளுங்க. பந்தைப் போட்டவன்கிட்ட நம்ம ஆளு யாராவது போனாங்களா? அவன் தலையைத் தூக்கி, நிதானமா பார்த்துப் போட்டானா? முன்வரிசை ஒரு செகண்ட் லேட்டா ஓடிப்போய் நெருக்கினா, அதான் பிரஸ் பண்ணா, பின்வரிசைக்கு அங்க பாதுகாப்பே கிடையாது. பிரஸ் இல்லன்னா லைன் உடனே நாலஞ்சு மீட்டர் பின்வாங்கணும். முன்னாடி ஆறு பேரும் பின்னாடி நாலு பேரும் ஒரே நேரத்துல ஒரே முடிவு எடுக்கிறதுக்குத்தான் மாசக்கணக்கு ஆகும். ஓசூர் கம்பெனியில அசெம்பிளி லைன்ல நிக்கிறவங்களுக்கு இதை நான் சொல்லணுமா? புது லைன் போட்டா முதல் மாசம் ரிஜெக்‌ஷன் எவ்வளவு வரும், ஒரு ஸ்டேஷன் லேட்டானா அடுத்த ஸ்டேஷன்ல என்ன குவியும்னு உங்களை விடவா தெரியும்?

ஜெயிச்சதுக்கும் இதே கணக்கு போடணும், அதை யாரும் போடுறதில்ல. 2023-24 டாட்டன்ஹாமை எடுத்துக்குங்க. போஸ்டகோக்லு மேனேஜரா வந்தார், முதல் 10 மேட்ச்ல 8 வெற்றி, 2 டிரா, 26 பாயின்ட். பட்டம் நமக்குத்தான்னு இங்க ஸ்டேட்டஸ் வச்சாங்க. 11-வது மேட்ச், சொந்த மைதானத்துல செல்சி. ரெண்டு ரெட் கார்டு, மேடிசனும் வான் டி வெனும் காயம், 9 பேரை வச்சுக்கிட்டு நடுக்கோட்டுலயே லைன் போட்டாங்க, 1-4. அந்த மேட்சையும் சேர்த்து மிச்சம் இருந்த 28 மேட்ச்ல எடுத்தது 40 பாயின்ட். ரெண்டு முக்கிய ஆளு போனா அந்த ஆட்டத்துக்கு மாற்று கிடையாதுங்கிறது முதல் 10 மேட்ச்லயே பெஞ்சைப் பார்த்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

எக்ஸ்ஜி பாருங்கன்னு சொன்னா சிரிக்கிறாங்க. அதுல சூனியம் ஒண்ணும் இல்ல. ஒரு ஷாட் எந்த இடத்துல இருந்து, எப்படி வந்ததுங்கிறதை வச்சு அது கோல் ஆக எவ்வளவு வாய்ப்புன்னு போடுற மதிப்பு. பெனால்டின்னா சுமார் 0.78. ஃபாட்மாப் மாதிரி ஆப்ல இலவசமா கிடைக்குது. பெனால்டியைக் கழிச்சுட்டு, நம்மளோடதுல இருந்து எதிரணியோடதைக் கழிச்சு, ஒரு மேட்சுக்குன்னு பார்க்காம பத்து மேட்சுக்குக் கூட்டிப் பாருங்க. 0.6 எக்ஸ்ஜி வச்சுக்கிட்டு 1.9-ஐ எதிர்த்து 1-0 ஜெயிக்கிற டீம் கீப்பர் கையை நம்பி ஓடுது, அது டிசம்பருக்குள்ள இறங்கும். தோத்தாலும் தொடர்ந்து 1.7-க்கு 0.9-ன்னு வச்சிருக்கிற டீம் ஏறும். புது மேனேஜர் வந்ததும் நாலு மேட்ச் ஜெயிக்கிறதுல பாதி இந்தக் கணக்குதான். பழைய ஆளை அனுப்புறதே அதிர்ஷ்டம் அடிமட்டத்துக்குப் போன சமயத்துல. அங்கிருந்து யார் வந்தாலும் கொஞ்சம் ஏறும்.

இன்னொண்ணு, போன சீசன் இதே நேரத்துல 9 பாயின்ட், இப்ப 5 பாயின்ட்தான்னு ஒப்பிடுறது. போன வருஷம் முதல் அஞ்சு மேட்ச் யாரோட, இந்த வருஷம் யாரோட? அதே எதிரணி, அதே மைதானம்னு ஜோடி போட்டு ஒப்பிடுங்க. இறங்கிப் போன டீமுக்குப் பதிலா ஏறி வந்த டீமை வையுங்க: 18-வதுக்கு, கீழ் லீக்கான சாம்பியன்ஷிப்பை ஜெயிச்ச டீம், 19-வதுக்கு ரெண்டாவது வந்த டீம், 20-வதுக்கு பிளே-ஆஃப் ஜெயிச்ச டீம். பத்து நிமிஷ வேலை. போட்டுப் பார்த்தா பாதி சண்டை அடங்கிரும்.

ராத்திரி 12.30-க்கு மேட்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு அப்புறம் அங்க கடிகாரத்தை மாத்திட்டா அதுவே 1.30, காலையில 6 மணி ஷிப்ட். எல்லாரும் முழு மேட்ச் பார்க்க முடியாதுன்னு புரியுது, அதுல யாரையும் குத்தம் சொல்லல. ஆனா மூணு நிமிஷ ஹைலைட்ஸ்ல கோல் மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்துட்டு "டாக்டிக்ஸ் ஒண்ணுமே இல்ல"ன்னு தீர்ப்பு எழுதாதீங்க. சனிக்கிழமை 7.30 மேட்ச் ஒண்ணையாவது, பந்து இல்லாத இடத்தையும் சேர்த்து, முழுசா பாருங்க.

தூரத்து மேட்ச்சை விடுங்க, நமக்குப் பக்கத்துலயே நடந்திருக்கே. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் இந்திய லீக்கான ஐ.எஸ்.எல்-னா பாதி பேர் சென்னையின் ரசிகர், பாதி பேர் பெங்களூரு ரசிகர். ஜான் கிரிகரி 2017-18-ல சென்னையினுக்கு வந்த முதல் சீசன்லயே கோப்பை. மறு சீசன் கடைசி இடம். பெங்களூருல சைமன் கிரேசன் 2022-ல வந்ததும் டூரண்ட் கோப்பை, அப்புறம் லீக்ல சறுக்கல், "அனுப்புங்க"ன்னு கூச்சல். லீக்கை தொடர்ந்து 8 வெற்றியோட முடிச்சு ஃபைனல் வரைக்கும் போய் பெனால்டி ஷூட் அவுட்லதான் தோத்தாங்க. 2023 டிசம்பர்ல ஆளு வெளிய. களத்துல ஒரே நேரத்துல நாலு வெளிநாட்டு ஆட்டக்காரர்தான்னு இருக்கிற லீக்ல ரெண்டு பேர் காயம்னா மேனேஜர் போட்ட திட்டத்துல பாதி காலி. அதைச் சொல்றதுக்கு ஒருத்தரும் இல்ல.

எனக்கு இதுல ரொம்ப வலிக்கிறது என்னன்னா, நம்ம ஊர் மாந்தோப்பு ஊரு. சந்தூர் பக்கம் ஒட்டுச் செடி வாங்கிட்டு வந்து நட்டா முதல் மூணு வருஷம் பூக்கிற பூவை நம்ம கையாலயே கிள்ளி எறிவோம். அப்பவே காய்க்க விட்டா மரம் தேறாதுன்னு இங்க சின்னப் பையனுக்கும் தெரியும். அதுக்காக தண்ணி கட்டாம, இலையைப் புரட்டிப் பார்க்காம சும்மாவா இருக்கோம்? தளிர் வருதா, தத்துப்பூச்சி ஒட்டியிருக்கா, ஒட்டுக்குக் கீழ காட்டுத்துளிர் கிளம்புதான்னு வாரா வாரம் பார்க்கிறோமே! அந்தக் கண்ணை டிவி முன்னாடி மட்டும் ஏன் மூடிக்கிறீங்க?

கோபப்படவே கூடாதுன்னு நான் சொல்லல. 15 மேட்ச் தாண்டியும் ஒரே மாதிரி கோலை மூணு தடவைக்கு மேல வாங்கினா, 60-வது நிமிஷத்துல கால் நின்னு போச்சுன்னு தெரிஞ்சும் அஞ்சு மாற்று ஆட்டக்காரரை வச்சுக்கிட்டு 80-வது நிமிஷம் வரைக்கும் கை கட்டி நின்னா, பத்து மேட்ச் எக்ஸ்ஜி வித்தியாசம் நேரா கீழ போனா, கத்துங்க. நம்பர் 6 வாங்கச் சொல்லிக் கேட்ட மேனேஜருக்கு கிளப் விங்கரை வாங்கிக் கொடுத்திருந்தா கிளப்பைப் பார்த்துக் கத்துங்க.

வர்ற சனிக்கிழமை முதல் கோல் கிக் எடுக்கிறப்ப போனைக் கவுத்து வையுங்க. நம்பர் 6 தோளைத் திருப்பிப் பார்க்கிறானா இல்லையான்னு குரூப்ல போடுங்க. அதை வச்சு எவ்வளவு நேரம் வேணும்னாலும் சண்டை போடலாம்.